நீலப் பேனாவும் கீழ்வீட்டு வெண்பாவும்

‘நான் பொய் சொல்ல மாட்டேன்’ என்று தலைப்பிலேயே சத்தியம் செய்யும் படம், தன் கதை எங்கிருந்து வந்தது என்று மட்டும் வாயைத் திறக்காது. டேவிட் தவண் 2001-இல் எடுத்த ‘க்யோ கி மே ஜூட் நஹீ போல்தா’வைத்தான் சொல்கிறேன். கோவிந்தா வக்கீல், சுஷ்மிதா சென் மனைவி, கூடவே நம் ரம்பா. 1997-இல் ஜிம் கேரி நடித்த ‘லயர் லயர்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதே இல்லை.

நாம் மட்டும் யோக்கியமா? ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ 1993-இல் வந்தது. 1996 தீபாவளிக்கு கமல் மடிசார் கட்டிவிட்டார். ஆனால் ‘அவ்வை சண்முகி’யில் கிரேசி மோகன் வசனம் இருந்தது, அதற்காக எதையும் மன்னிக்கலாம். அங்கே அப்பன் மகளைப் பார்ப்பதற்காகப் பொய் வேஷம் போடுகிறான். ‘லயர் லய’ரில் மகனின் பிறந்தநாளுக்குக்கூட வராத வக்கீல் அப்பன், மகன் வேண்டிக்கொண்டபடி 24 மணி நேரம் பொய் சொல்ல முடியாமல் திண்டாடுகிறான்.

அதில் ஒரு பேனா வரும். நீலப் பேனா. அதைச் சிவப்பு என்று சொல்லிப் பார்க்கிறான் மனுஷன். வாய் வரவில்லை. எழுதிப் பார்க்கிறான், கை கேட்கவில்லை. பேனாவோடு கட்டிப் புரண்டு எழுந்தால் முகமெல்லாம் நீல மை. வழக்கை ஒத்திப்போடக் கழிவறைக்குப் போய்த் தன்னைத்தானே சுவரில் மோதி அடித்துக்கொள்வான். அவ்வளவு அடி வாங்கி வந்தவனிடம் நீதிபதி, ‘தொடர்ந்து வாதாட முடியுமா?’ என்பார். முடியும் என்பதுதான் உண்மை. சொல்லித் தொலைப்பான்.

டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் ஒரு ஜனவரிச் சனிக்கிழமை இரவு இந்தப் படத்தை என் எட்டு வயதுப் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். ஞாயிறு காலை கண் விழித்ததுமே, “அப்பா, இன்னிக்கு நீ பொய்யே சொல்லக் கூடாது” என்றான். சாந்தி பத்தைத் தாண்டினால் சத்ய மார்க், நீதி மார்க், நியாய மார்க், வினய் மார்க் என்று சாணக்யபுரியில் தெருவெல்லாம் நற்குணம். அந்தக் காற்று எங்கள் பக்கமும் வீசும் என்ற தைரியத்தில் சரி என்றேன்.

பத்து மணிக்குக் கீழ்வீட்டு மாமா வந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு வெண்பாவில் இறங்கியவர். தளை தட்டாது, தளையைத் தவிர அதில் வேறெதுவும் இருக்காது. குளிரைப் பற்றிப் புதிதாக எழுதியதைக் கணீரென்று வாசித்துவிட்டு, “எப்படி இருக்கு? கூச்சப்படாம சொல்லுங்கோ” என்றார். பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி பறக்கும் டபராவை எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன். நாக்கு வெந்து, கண்ணில் நீர் தாரைதாரையாக வழிய, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன்.

“அவ்ளோ பாதிச்சுடுத்தா?” என்று மாமா தழுதழுத்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினேன். பாதிப்பு உண்மைதானே! உடனே பையிலிருந்து இன்னும் ஐந்தாறு எடுத்தார். என் மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து போனில் அம்மா. டெல்லிக்கு வந்ததிலிருந்து, “இங்க குளிரே இல்லம்மா” என்றுதான் சொல்லி வருகிறேன். அதுவும் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து. இல்லாவிட்டால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பனங்கருப்பட்டியும் சுக்குமாக அம்மாவே கிளம்பி வந்துவிடுவாள்.

“என்னய்யா, அங்க குளிரு எப்படி?”

ரஜாய்க்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தவன் முழங்கையால் இடித்தான். “பல்லு கிடுகிடுங்குதும்மா.”

“அதான பாத்தேன். நீ சொல்லாட்டியும் டிவியில சொல்லுதான்லா.”

“ஒனக்கு முட்டிவலி எப்படிம்மா இருக்கு?”

“எனக்கென்னய்யா, ஜம்முனு இருக்கேன். மாடிப்படியெல்லாம் ஓடி ஓடி ஏறுதேன்.”

பையன் போனைப் பிடுங்கினான். “ஆச்சி, இன்னிக்கு யாரும் பொய் சொல்லக் கூடாது, தெரியுமா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஏல, போன அப்பாட்ட குடு.”