குளக்கட்டு ஊர் லுசேர்ன்

லுசேர்ன், சுவிற்சர்லாந்தின் நடுவில் ஒரு குளத்தின் துருசடியில் இருக்கிற ஊர். குளம் என்று சொன்னால் ஊர்க்காரர் முகம் சுளிப்பார்கள்; வரைபடத்தில் அது ஏரி. ஆனால் கிளிநொச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு, தண்ணீர் தேங்கி நிற்க, ஓரத்தில் அதைத் திறந்துவிட ஒரு கதவும் இருந்தால் அது குளம்தான். பரப்பு சுமார் 114 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 214 மீட்டர். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ஃபியர்வால்ட்ஷ்டெற்றர்சே, அதாவது நான்கு காட்டு மாநிலங்களின் ஏரி. இதை மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பவருக்கு மேற்கொண்டு பரீட்சை வைக்காமல் குடியுரிமை கொடுத்துவிடலாம்.

இந்தக் குளத்தைப் பற்றி ஊரிலிருந்து பெரியம்மா கேட்ட முதற் கேள்வி: "உந்தத் தண்ணி எத்தனை ஏக்கருக்குப் பாயுது?" ஒரு ஏக்கருக்கும் பாய்வதில்லை. மழை தானே வந்து புல்லை நனைத்துவிட்டுப் போகிறது. குளத்தில் குளிக்கிறார்கள், கப்பல் விடுகிறார்கள், மிச்ச நேரத்தில் கரையில் வாங்கு போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விதைப்புக் கூட்டம் கிடையாது, நீர்ப்பங்கீட்டுச் சண்டை கிடையாது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்காமல் இருக்கிறார்கள் என்பதைப் பெரியம்மா இன்னும் நம்பவில்லை.

துருசு என்று சொன்னது, ஏரியிலிருந்து ரொய்ஸ் ஆறு புறப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஊசி அணை. 1859க்கும் 1861க்கும் இடையில் கட்டியது. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சட்டம். அதன் மேல் கைப்பிடி அகலமுள்ள நீண்ட மரக்கட்டைகள், வேலிக்குக் கதியால் நட்டதுபோல ஒன்றை ஒன்று ஒட்டிச் சாய்ந்து நிற்கும். அவைதான் ஊசிகள். ஏரி ஏறினால் ஆட்கள் வந்து ஊசிகளைக் கையால் உருவி எடுப்பார்கள்; இறங்கினால் திரும்பச் செருகுவார்கள். விநாடி பிசகாமல் ரயில் விடுகிற நாட்டில், மலைகள் சூழ்ந்த ஒரு பெரிய ஏரியின் மட்டம் மரத்தடிகளால் பார்த்துக்கொள்ளப்படுகிறது. 2005 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அணையைப் பெரிதாக்கினார்கள், ஊசிகளைக் கைவிடவில்லை. சுற்றுலா வந்தவர்கள் இதைக் கவனிப்பது குறைவு. வன்னியிலிருந்து வருகிற எவரும் இங்கேதான் அதிக நேரம் நிற்பார்.

அணைக்குப் பக்கத்தில் ஸ்ப்ரொயர் பாலம், தமிழில் உமிப் பாலம். பழைய நாளில் ஆலைகளின் உமியையும் சருகையும் ஆற்றில் கொட்ட இந்த ஒரு பாலத்தில் மட்டும் அனுமதி இருந்தது, ஏனென்றால் ஊரின் பாலங்களில் இதுதான் கீழ்க்கோடியில் இருந்தது. ஊருக்குள் அழுக்கு வராது. கீழே இருப்பவன் பாடு கீழே இருப்பவனோடு. வாய்க்கால் கடைமடைக் கமக்காரருக்கு விளக்கம் தேவையில்லாத சட்டம். பாலத்தின் கூரைக்குள் முக்கோணப் பலகைகளில் காஸ்பார் மேக்லிங்கர் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்கள்: அரசனையும் வணிகனையும் மணப்பெண்ணையும் எலும்புக்கூடு ஒன்று கைபிடித்துக் கூட்டிப் போகிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இதன் கீழே ரொட்டி கடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

படங்களில் வருவது இந்தப் பாலமல்ல, மேலே உள்ள கபெல் பாலம். 14ஆம் நூற்றாண்டு, சுமார் 200 மீட்டர் நீளம், மேலே ஓட்டுக்கூரை, நடுவில் எண்கோண நீர்க்கோபுரம். கோபுரம் பாலத்தைவிடப் பழையது. கருவூலமாகவும் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் இருந்தது. பாலம் ஊரின் காவல் அரண்களில் ஒன்று என்பதால் ஏரிப் பக்கத்துச் சுவர் மற்றப் பக்கத்தைவிட உயரம். 1993 ஆகஸ்டில் ஓரிரவு பாலம் தீப்பிடித்து, கூரைக்குள் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பகுதி கருகிப்போயிற்று. அடுத்த ஆண்டே பாலம் திரும்ப நின்றது. சில முக்கோணங்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. பார்க்கிறவர்கள் பலர் அவற்றின் கீழே நின்றே புன்னகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய ஊரின் வடக்கு எல்லையில் மூசெக் மதில், அதில் ஒன்பது கோபுரங்கள். ஒன்றில் 1535ஆம் ஆண்டின் மணிக்கூடு உண்டு. ஊரின் மற்ற மணிக்கூடுகளுக்கு ஒரு நிமிடம் முன்னதாக அடிப்பது அதற்குக் கொடுக்கப்பட்ட உரிமை. ஒரு நிமிடம் பிந்தினாலும் மன்னிப்புக் கேட்கிற ஊரில், வேண்டுமென்றே பிழையாக ஓட அனுமதி பெற்றது இந்த ஒன்றுதான். தமிழ்க் கலியாண வீடுகளின் மணிக்கூடு எதிர்த்திசையில் ஒன்றரை மணித்தியாலம் பிசகும். அதற்கு இன்னும் உரிமைப்பத்திரம் கிடைக்கவில்லை.

சிங்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். 1792 ஆகஸ்ட் 10இல் பாரிஸ் அரண்மனையைக் காத்து மாண்ட சுவிஸ் கூலிப்படையினருக்காகப் பாறையில் குடைந்த, சாகிற சிங்கம். வடிவமைத்தவர் தோர்வால்ட்சன், திறந்தது 1821இல். எதிரே ஒரு சிறு குட்டை, பக்கத்தில் பஸ் வண்டிகள், கொடி பிடித்த வழிகாட்டிகள். பத்து நிமிடம் போதும். ஏரிக்கரையில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் பத்து நிமிடம் போதாது. பிள்ளைகளோடு போனால் பொழுது அங்கேயே இருட்டும்.

மலைகள் இரண்டு. பிலாத்துஸ் மலைக்கு 1889 முதல் பல்சக்கர ரயில் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் கிடையாக நூறு மீட்டர் போவதற்குள் 48 மீட்டர் உயரும். இயேசுவைத் தண்டித்த பொந்தியு பிலாத்துவின் ஆவி மேலே ஒரு சுனையில் கிடக்கிறது, குழப்பினால் புயல் வரும் என்று பழங்காலத்தவர் நம்பினர். அதனால் மலையேறத் தடை இருந்தது. 1387இல் ஏற முயன்ற ஆறு குருமாரைச் சிறையில் வைத்தார்கள். இப்போது ஆவியைவிடப் பயப்பட வேண்டியது பயணச்சீட்டின் விலை. றிகி மலை சற்றுத் தாழ்வு. அங்கே 1871இல் ஓடத் தொடங்கியது ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். நாடு முழுவதற்குமான ஆண்டுப் பயணச்சீட்டு வைத்திருப்பவருக்கு றிகியும் ஏரிக் கப்பலும் தனிக்காசு இல்லாமல் கிடைப்பதால், புலம்பெயர்ந்தோர் வீடுகளில் விருந்தாளி வந்தால் றிகிதான் அழகான மலை.

கப்பல்களில் ஐந்து இன்னும் நீராவியில் ஓடுகின்றன. மூத்தது 1901ஆம் ஆண்டின் ஊரி. நடுத்தளத்தில் தரை திறந்திருக்கும். குனிந்தால், ஆள் தொடை அளவு உருக்குத் தண்டுகள் எண்ணெய் மினுங்க முன்னும் பின்னும் போவது தெரியும்; முகத்தில் சூடும் எண்ணெய் மணமும் அடிக்கும். வெளியே மலைகள் நிற்க, ஆண்கள் எல்லோரும் இந்தக் குழிக்குள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வழிகாட்டி நூல்கள் அதிகம் பேசாத ஓரிடம் சொனன்பேர்க் சுரங்கம். நெடுஞ்சாலைக்காகக் குடைந்து 1976இல் முடித்த இந்தச் சுரங்கத்தை, அணுகுண்டுப் போர் வந்தால் 20,000 பேரை அடைக்கும் பங்கராகவும் கட்டினார்கள். ஒவ்வொரு கதவும் ஒன்றரை மீட்டர் தடிப்பு, 350 தொன் எடை. 1987இல் ஒத்திகை பார்த்தபோது வேலை திட்டப்படி நடக்கவில்லை. 2006இல் கொள்ளளவை 2,000 பேராகக் குறைத்தார்கள். இப்போது உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். பனைமரக் குற்றியும் மண்மூட்டையும் வைத்து ஒரு பின்னேரத்துக்குள் பங்கர் வெட்டி முடித்தவர்கள் அந்தக் கதவின் முன் ஒன்றும் பேசாமல் நிற்பதுண்டு. வீடுகளின் கீழும் இப்படிக் காப்பறைகள் உண்டு. தமிழர் வீட்டுக் காப்பறைகளில் அரிசி மூட்டையும் ஊறுகாய்ப் போத்தலும் எந்தக் குண்டுக்கும் அசையாமல் இருக்கின்றன.

இங்கே இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடுவதும் குற்றம்போலப் பார்க்கப்படும். அதே ஊர், தவக்காலத்துக்கு முந்திய வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெருவெடியோடு எழும்பும். பேய்முகமும் கந்தல் உடுப்பும் போட்ட கூட்டங்கள் பித்தளை வாத்தியங்களை வேண்டுமென்றே சுருதி பிசகி ஊதிக்கொண்டு தெருவில் இறங்கும். ஃபாஸ்நாக்ட் என்கிற இந்தக் கூத்து முடிந்த அடுத்த நாள், பக்கத்து வீட்டுக்காரர் குழந்தை அழுகைக்குக் கடிதம் போடுவார்.

சாப்பாட்டில் ஊரின் பெருமை கூகெலிபஸ்தேற்றே: கோளமான மாப்பேழைக்குள் வெள்ளைக் குழம்பில் கன்றிறைச்சி உருண்டை. பெரியம்மாவுக்கு ஆகாது. மலைச் சாப்பாட்டில் மக்கரோனியோடு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, தொட்டுக்கொள்ள அப்பிள் களி தருவார்கள். மாவோடு மாவு, மேலே இனிப்பு. மிளகாய்த்தூள் கைப்பையில் இருந்தால் கரைசேரலாம். எண்பதுகளில் அகதியாக வந்த பலர் இந்த நாட்டு உணவகங்களின் குசினிகளில்தான் வேலை தொடங்கினார்கள். பண்டம் தங்கள் வாய்க்குப் பிடிக்காமலே அதைப் பழுதில்லாமல் சமைக்கப் பழகியது அவர்களின் கெட்டித்தனம்.

வர நல்ல காலம் ஆனி முதல் புரட்டாசி வரை. ஏரியில் இறங்கிக் குளிக்கலாம். கார்த்திகையில் ஊர் மூடுபனிக்குள் கிடக்கும், சூரியனைப் பார்க்க றிகி ஏற வேண்டும். இடையிடையே தெற்கு மலைகளைத் தாண்டி ஃபோன் என்ற சூடான வறண்ட காற்று இறங்கும். மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஊரில் பாதிப்பேர் தலையிடி என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று என்பதும் இதே வகைதான்: மலையின் ஒரு புறம் ஈரத்தைக் கொட்டிவிட்டு மறுபுறம் காய்ந்து இறங்குவது. ஆகவே பெரியம்மா காற்றைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. அரிசி, மிளகாய்த்தூள், கருவேப்பிலை எல்லாம் தமிழ்க் கடையில் கிடைக்கும். கோயில் வீதியில் மணலில் வறுத்து விற்கிற அந்தக் கச்சான் மட்டும் ஒரு கிலோ கொண்டுவந்தால் போதும்.