தப்பியோடுவோர் வாயியல்: ஒரு தொடக்க ஆய்வு

சிறையை உடைத்துத் தப்பும் பழைய போர்ப்படங்களை ஆராய்ந்த அறிஞர்கள் எல்லாம் வீரனின் கையையும் காலையுமே கவனித்தார்கள். வாயைக் கவனித்தவர் அரிது. நுணல் எதனால் கெடுமோ அதனால்தான் தப்பியவனும் கெடுகிறான் என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதல் சான்று, ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963). ஸ்டீவ் மெக்வீனின் மோட்டார் சைக்கிள் வேலி தாண்டுவதைத்தான் இன்றும் சிலாகிக்கிறார்கள். தாண்டியது அவரல்ல, பட் எகின்ஸ் என்ற சண்டைக்காட்சிக் கலைஞர். நிஜத்தில், 1944 மார்ச்சில் சுரங்கம் வழியே 76 பேர் வெளியேறி, 73 பேர் பிடிபட்டு, 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மோட்டார் சைக்கிளே கிடையாது. ஆய்வுக்குரிய காட்சி வேறு. பஸ் ஏறும் கைதியிடம் ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் ‘குட் லக்’ என்கிறார். இவரும் மரியாதையாக ‘தேங்க் யூ’ என்கிறார். தீர்ந்தது.

இரண்டாவது சான்று நம்மவர்களுடையது. 1971 போரில் சிறைப்பட்ட இந்திய விமானிகள் பருல்கர், கிரேவால், ஹரிஷ் சின்ஹ்ஜி மூவரும் 1972 ஆகஸ்ட்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைக் குடைந்து வெளியேறினார்கள். பெஷாவர் வரை பஸ். அங்கிருந்து லண்டி கோட்டல். ஆப்கன் எல்லைக்குச் சுமார் நான்கே மைல். அங்கே போய், ‘லண்டி கானாவுக்கு எப்படிப் போவது?’ என்று கேட்டார்கள். அந்த ரயில் நிலையத்தை 1932-லேயே மூடிவிட்டார்கள்! வரைபடத்தை நம்பியவர்களை ஊர்க்காரர்கள் நம்பவில்லை.

மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ (2017) இதன் சாயலில் எழுந்ததுதான். போரை மட்டும் கார்கிலாக்கி, கார்த்தியை எல்லை தாண்ட வைத்துவிட்டார்கள். சினிமாவில் வழி கேட்டு மாட்டினால் டிக்கெட் விற்காது.

ஒப்பீட்டுக்கு உத்திரமேரூர்ப் பக்கத்து மாகறல். தலபுராணப்படி, சோழ மன்னனின் ஆட்கள் துரத்திய பொன் உடும்பு ஒன்று புற்றுக்குள் புகுந்துகொண்டது. புற்றை வெட்ட, வாலில் அடிபட்டு ரத்தம் வந்ததாம். மாகறலீசுவரர் லிங்கம் இன்றும் உடும்பு வால் வடிவில்தான் இருக்கிறது. துரத்தல், சுரங்கம், பெரும்படை எல்லாம் இருந்தும் உடும்பு சிக்கவில்லை. காரணம் வெளிப்படை: அது யாரிடமும் புற்றுக்கு வழி கேட்கவில்லை. வெளியே நீட்டியதும் வாலைத்தான், நாக்கை அல்ல.

விமானிகள் மூவரும் 1972 டிசம்பர் 1 அன்று, மற்ற கைதிகளோடு விடுவிக்கப்பட்டு, முறைப்படி வாகா வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள்.