சாசேஜ் ரோல் வாங்கியது யார்?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வேலை எப்படி, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: வேன்.

எங்கள் தொழிற்சாலை இருக்கும் டாண்டினாங் தெற்கு, மெல்பர்னிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடங்கும் ஷெட்டும்தான். டீக்கடை மருந்துக்கும் கிடையாது. அதனால் கடையே நம்மைத் தேடி வருகிறது. காலை இடைவேளைக்கு இவர்கள் வைத்திருக்கும் பேர் 'ஸ்மோகோ'. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் ஹார்னை அலறவிட்டுக்கொண்டு உள்ளே நுழையும். அதன் பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக நாலு வகை இருக்கும். இறைச்சி பை, சாசேஜ் ரோல், டிம் சிம், சிக்கோ ரோல். டிம் சிம் சீனப் பலகாரம் மாதிரி இருந்தாலும் மெல்பர்னில்தான் பிறந்தது. சிக்கோ ரோல் 1951-இல் வாகா வாகா ஊர் வேளாண் கண்காட்சியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததாம். ஃபுட்பால் மேட்ச் பார்க்கிறவன் ஒரே கையில் பிடித்துத் தின்ன வேண்டும் என்பதற்காகச் செய்தது. உள்ளே முட்டைக்கோஸ், கேரட், பார்லி, மாட்டிறைச்சி. சித்தி பயப்பட வேண்டாம். எனக்குத் தயிர்சாதம் டப்பாவில் இருக்கிறது. வேனில் காபிப் பால் மட்டும்தான் வாங்குகிறேன். வேன்கார அம்மா என்னை 'டார்லிங்' என்று கூப்பிடுவார். எங்கள் மேனேஜரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆகவே அதற்கும் பயப்பட வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சாப்பாட்டு அறை மேசையில் யாரோ ஒரு புதிர்ப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார்கள். அதில் சொல்லிவைத்த மாதிரி ஒரு கணக்கு. ஒரு வேன் முன்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்: வெல்டர், கணக்கர், காவலாளி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மேலே சொன்ன நாலு பண்டத்தில் ஆளுக்கு ஒன்று, வேறு வேறாக வாங்குகிறார்கள். பை வாங்கியவருக்கு நேர் பின்னால் நின்றவர் வெல்டர். டிம் சிம் வாங்கியவருக்கு நேர் பின்னால் ஃபோர்க்லிஃப்ட்காரர். கணக்கர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. கடைசி ஆள் வாங்கியது சிக்கோ ரோல். அவர் வெல்டர் அல்ல. காவலாளி பை வாங்கவில்லை. அப்படியானால் சாசேஜ் ரோல் வாங்கியது யார்?

சித்தப்பா, மேலே படிக்காமல் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்காது என்று தெரியும்.

எங்கள் மேசையில் நடந்ததைக் கேளுங்கள். ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர் உடனே, "காவலாளி ஏன் பை வாங்கவில்லை? ஹலால் இல்லை, அதனால்" என்றார். பஞ்சாபிப் பையன், "காவலாளி என்றால் நைட் ஷிப்ட் முடித்தவன். பசியில் அவன்தான் முதலில் நிற்பான்" என்றான். வியட்நாம்காரரோ, கணக்கர் எதற்கு வேனுக்கு வருகிறார், அவருக்குத்தான் ஆபீசில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்று கேள்வியிலேயே குற்றம் கண்டார். ஃபோர்க்லிஃப்ட்காரர் கடைசியில்தான் நிற்பார் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. எங்கள் ஃபோர்க்லிஃப்ட்காரர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஸ்மோகோ முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஆள், கடைசி ஆள் பற்றி இவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது! நான் பென்சிலை எடுத்து உங்கள் பாணியில் போட்டுக் காட்டினேன். வெல்டருக்கும் ஃபோர்க்லிஃப்ட்காரருக்கும் முன்னால் ஓர் ஆள் நிற்கிறார். எனவே இருவரும் முதல் ஆள் அல்ல. கணக்கரும் அல்ல. மிச்சம் காவலாளி, அவரே முதல். கடைசி இடத்துக்குக் கணக்கர் இல்லை, வெல்டர் இல்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர்தான், கையில் சிக்கோ ரோல். அவருக்கு முன்னால், மூன்றாம் இடத்தில், டிம் சிம். பை முதலிடத்தில் இருக்க முடியாது, ஏனென்றால் காவலாளி அதை வாங்கவில்லை. அப்போது இரண்டாமவர் கையில் பை, அவர் பின்னால் நிற்பவர் வெல்டர், பை தின்றவர் கணக்கர். காவலாளிக்கு சாசேஜ் ரோல். நாலு ஆள், நாலு பண்டம் என்றால் 576 விதமாக வரிசை அமையலாம். ஆறே குறிப்பில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது.

இந்த வகைக் கணக்குகளில் பேர்போனது வரிக்குதிரைப் புதிர். 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நேஷனல்' பத்திரிகையில் வந்தது. ஐந்து நிறத்தில் ஐந்து வீடு, ஐந்து தேசத்தார், ஐந்து பானம், ஐந்து பிராணி, ஐந்து சிகரெட். மொத்தம் 2,488 கோடிக்கு மேல் வழி, விடை ஒன்று. அதிலும் இதே குறும்புதான்: வரிக்குதிரையை வளர்ப்பவர் யார் என்று கேட்பார்கள், ஆனால் குறிப்புகளில் வரிக்குதிரையே வராது. இங்கே சாசேஜ் ரோலும் அப்படியே. அந்தப் புதிரை ஐன்ஸ்டைன் சின்ன வயதில் எழுதினார் என்று ஊரெல்லாம் பேச்சு, ஆதாரம் ஒன்றும் இல்லை. நம் வாட்ஸாப்பில் யார் சொன்னதையும் கலாம் சொன்னதாக அனுப்புகிறார்களே, அது மாதிரி.

வேன்கார அம்மாவிடமும் புத்தகத்தைக் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டு, "இதில் தக்காளி சாஸ் யாருக்கு என்று போடவில்லையே, அதற்குத் தனிக் காசு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு உறுத்தியது வேறு. 'ஆளுக்கு ஒன்று, வேறு வேறாக' என்ற ஒரு வரிதான் இந்தக் கணக்கையே தாங்குகிறது. இந்த ஊரில் அது நடக்கும். அவனவன் தனக்கு வேண்டியதைச் சொல்வான், தன் கார்டைத் தட்டுவான், தள்ளி நின்று தின்பான். நம் கோவில்பட்டியில் இதைப் போட முடியுமா? முதல் ஆள் வடை சொன்னால் பின்னால் மூன்று பேரும் "எனக்கும் அதே" என்பார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நேர் பின்னால் யார் என்று கேட்க? கணக்கர் தன் பையில் பாதியைப் பிய்த்து வெல்டரிடம் நீட்டிவிட்டால் எந்த ஐன்ஸ்டைன் வந்தும் பயனில்லை.

ஆனாலும் நம்மூருக்கென்று ஒன்று செய்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. நீங்கள், அப்பா, மாமா, நான், போஸ்ட்மேன். சொன்னது மூன்று டீ, கேட்ட கிளாஸ் ஐந்து. சர்க்கரை இல்லாமல் குடித்தவர் கடைசியாக வந்தவர் அல்ல. "நான் தர்றேன், நான் தர்றேன்" என்று முதலில் சட்டைப்பையில் கைவிட்டவர், கையை வெளியே எடுக்கவே இல்லை. போஸ்ட்மேன் பாதி கிளாஸில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். காசு கொடுத்தது யார்?

விடையை எழுதி அனுப்புங்கள். கடிதத்தை மாமாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்