மைக் டெஸ்டிங் வித்துவான்

பல்கலைக்கழக இசைத்துறைக் கச்சேரிக்குப் போய் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் புதியவர்கள். விவரம் தெரிந்தவர்கள் மேடைக்கு இடது ஓரம், திரை சுருண்டு தொங்குகிற இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். தோளில் ஜோல்னாப் பை, ஒரு கையில் நிகழ்ச்சி நிரல், மறு கையில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருக்கிற செல்போன். பாடுகிற பெண் கண்ணை மூடினால் இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். முன்வரிசையில் துறைத்தலைவர் கண்ணைத் திறந்தால் ஓடுவார்.

இவர்தான் ஆய்வு மாணவர். மாணவ மாணவியருக்கு அண்ணா. துறைத்தலைவருக்கு "ஏம்ப்பா". மைக் செட்டுக்காரருக்குத் தம்பி. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மட்டும் "யாரு, மியூசிக் டிபார்ட்மென்டா?" நாமும் அண்ணா என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணாவின் ஆய்வுத் தலைப்பு நிரவலைப் பற்றியது. ஒரே வரியைப் பல விதமாக, தாளத்துக்குள் அடங்கி, திரும்பத் திரும்பப் பாடுவதுதான் நிரவல். அண்ணாவும் முதல் இயலின் முதல் பத்தியைப் பல விதமாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள்தான் கெடு. மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் இரண்டு. அண்ணா இப்போது மறுபதிவில் இருக்கிறார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கணினியைத் திறந்து உட்காரும்போதெல்லாம் ஒரு விழா வந்துவிடுகிறது. விஜயதசமி போனால் தியாகராஜர் ஆராதனை, அது போனால் தமிழிசை விழா, மகளிர் தினம், பட்டமளிப்பு. இடையில் பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிட நாக் குழு வேறு வரும். ஆய்வுக்கூடம், நூலகம், கழிப்பறை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக் களைத்துப்போன அந்தக் குழுவை மாலையில் உட்காரவைத்துத் தில்லானா பாடிக் காட்டுவது மரபு. பல்கலைக்கழகத்தின் தரப்புள்ளியே அந்தத் தில்லானாவில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு மட்டும் பதிவாளர் நம்புவார்.

இதெல்லாம் துறையின் சொந்த விழாக்கள். மற்றத் துறைகளின் தொல்லை தனி. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை 55 விநாடிகளில் பாட வேண்டும், ஒலிப்பதிவைப் போடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் நேரில் பாடுவதே முறை என்று ஆணை வந்தது. நல்ல ஆணைதான். ஆனால் அன்று முதல் வேதியியல் கருத்தரங்கு, வணிகவியல் பயிலரங்கு, ரத்ததான முகாம் எதுவானாலும் முதல் போன் அண்ணாவுக்கு வருகிறது. "ரெண்டு பொண்ணுங்களை அனுப்புங்க சார், ஒரே நிமிஷம்தான்." ஒரே நிமிஷம்தான். பாடிவிட்டு எழுந்து போனால் மரியாதைக் குறைவாம். அந்த இரண்டு பெண்களும் மேடை ஓரத்து நாற்காலியில் பாலிமர் பற்றி மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு, நாட்டுப்பண்ணும் பாடிவிட்டு, ஆளுக்கொரு சமோசாவோடு திரும்புவார்கள். "அண்ணா, அடுத்த தடவை என்னைப் போடாதீங்கண்ணா" என்பார்கள். அண்ணா குறித்துக்கொள்வார். அடுத்த தடவையும் அவர்களையே போடுவார். மற்றவர்களிடம் ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கிடையாது.

ஜோல்னாப் பையைத் திறந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு ஒருமுறை கிடைத்தது. உள்ளே ஸ்ருதிப்பெட்டி, அதற்கு மாற்று பேட்டரி. மிருதங்கத்தின் தொப்பியில் பிசைந்து ஒட்ட ஒரு பொட்டலம் ரவை. ஸ்ருதி சேர்க்கக் கல், கட்டை. வயலின் வில்லுக்கு ரோசின், வாசிக்கிற விரலுக்கு ஒரு சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய். தம்பூராவின் ஜீவாவுக்கென்று நாலைந்து நூல் துண்டு. பனங்கற்கண்டு, அதிமதுரம், பிளாஸ்கில் வெந்நீர், சேஃப்டி பின் ஓர் அட்டை. அடியில், பிரிக்காத பாலிதீன் உறையில் இரண்டு பொன்னாடை. ஆய்வேட்டின் முதல் இயலும் அங்கேதான் இருந்தது. அதை மடித்து ரவைப் பொட்டலத்துக்கு அண்டக்கொடுத்திருந்தார்.

பொன்னாடை விஷயத்தில் அண்ணாவை மிஞ்ச ஆள் கிடையாது. அழைத்தது மூன்று பேர் என்றால் மேடையில் ஐந்து பேர் இருப்பார்கள். அதுதான் பல்கலைக்கழகக் கணக்கு. நாலாவது ஆளின் பெயரை அறிவித்த பிறகு தட்டில் பொன்னாடை இல்லை என்று தெரியும். அப்போது அண்ணா, முதலில் போர்த்தப்பட்டு, போர்த்தியவர் முதுகு திரும்பியதும் கழற்றி நாற்காலிக் கையில் தொங்கவிட்ட துறைத்தலைவரின் பொன்னாடையைக் குனிந்தபடியே போய் எடுத்துவந்து, நடக்கும்போதே மடித்து, தட்டில் வைத்துவிடுவார். துறைத்தலைவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நாற்காலிக் கையில் வாகாகத் தொங்கவிடுவதே அவர்தான்.

உரைகளும் அண்ணா எழுதியவைதான். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை மூன்றிலும் ஒரு வரலாற்றுப் பத்தி வரும். இது ஊருக்கு ஊர் மாறும். அண்ணாமலைநகர் அண்ணாவின் பத்தி 1929இல், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரில் தொடங்கித் தமிழிசை இயக்கம் வழியாகத் தண்டபாணி தேசிகர் இங்கே தலைமை ஏற்றிருந்த காலத்தில் வந்து நிற்கும். சென்னைப் பல்கலைக்கழக அண்ணாவின் பத்தி 1932இல் வந்த பட்டயப் படிப்பையும் பேராசிரியர் சாம்பமூர்த்தியையும் கும்பிடும். அடையாற்றங்கரை அண்ணாவுக்கு 1949, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த பெருமை, பிராடி துரை கட்டிய மாளிகை, 2013இல் அங்கே பல்கலைக்கழகம் வந்தது என்று சரக்கு கொஞ்சம் அதிகம். மூன்று பேரும் ஒரே பத்தியை மூன்று உரையிலும் போடுவதால் அவையோர் அதை ஒரே மாலையில் மூன்று முறை கேட்பார்கள். ஒரே வரி, பல விதம். ஆய்வுத் தலைப்பை விட்டு அண்ணா எங்கே விலகினார்?

சிறப்பு விருந்தினர் மட்டும் எழுதிக்கொடுத்ததைப் படிக்க மாட்டார். "எனக்கு சங்கீதம் தெரியாது, ஆனா..." என்று தொடங்குவார். அந்த "ஆனா"வுக்குப் பின் நாற்பது நிமிடம். ஐந்து மணிக்கு வர வேண்டியவர் வந்ததே ஐந்தே முக்காலுக்கு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற மாதிரி அழகாக ஒரு கச்சேரிப் பத்ததி வகுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு. அவருக்கு முன்னால் துணைவேந்தர் பேசியிருந்தால் பத்ததி எப்படி இருந்திருக்குமோ தெரியாது. இங்கே மிச்சம் இருபத்தைந்து நிமிடம். திரையோரத்திலிருந்து அண்ணாவின் விரல்கள் வேலை செய்யத் தொடங்கும். ஒரு விரல்: வர்ணத்தில் முதல் காலம் போதும். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விரல்: ஆலாபனையை வெட்டு. கையைக் குறுக்கே ஆட்டினால் நிரவல் கிடையாது. நிரவலில் ஆய்வு செய்கிறவர் தன் கையாலேயே எத்தனை நிரவலைக் கொன்றிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெட்ட மாட்டார். காரணம், மிருதங்கக்காரர் முறைப்பார் என்பதல்ல. அரங்கம் காலியாகத் தெரியக்கூடாது என்று வரலாற்றுத் துறை முதலாண்டு மாணவர்களை வருகைப்பதிவு தருவதாகச் சொல்லி ஓட்டிவந்து உட்காரவைத்திருப்பார். தோடிக்கும் துணைவேந்தருக்கும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள், தனி தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருவார்கள். சபாக்களில் விவரம் தெரிந்த மாமாக்கள் கேன்டீனுக்கு எழுந்து போகிற அதே நேரத்தில்தான் இங்கே விவரம் தெரியாத பையன் செல்போனைக் கீழே வைக்கிறான். மோரா முடிந்து கோர்வைக்குப் போவதற்குள்ளேயே விசிலடிக்கிறான். இது சரியான இடமா என்று நீங்கள் கேட்கலாம். மிருதங்கம் வாசிக்கிற பையனைக் கேளுங்கள். அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் விசில் அது.

ஸ்ருதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் நிறைவாகாது. துறையில் நல்ல தம்பூராக்கள் உண்டு. கண்ணாடி பீரோவில் உண்டு. சாவி துறைத்தலைவரிடம். விழா அன்று ஒன்றை வெளியே எடுத்து, ஒல்லியாக ஒரு பெண்ணைப் பார்த்துப் பின்னால் உட்காரவைப்பார்கள். அது புகைப்படத்துக்கு. ஒலிபெருக்கியில் கேட்கிற தம்பூரா அண்ணாவின் செல்போனிலிருந்து வருவது. ஒருநாள் முன்னால் பாடுகிற பெண் சாருகேசியில் ஆலாபனை செய்துகொண்டே தார ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கிற நேரம், தம்பூரா நின்றது. அதற்குப் பதிலாக ஒரு சினிமா மெட்டு முழு சத்தத்தில் வந்தது. அழைத்தவர் துறைத்தலைவர். முன்வரிசையில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, காபி எங்கே?" என்று கேட்பதற்காக அழைத்திருந்தார். பாடிய பெண் ஷட்ஜத்தை விடவில்லை. அதற்காகவே அவளுக்கு முதல் மதிப்பெண் தரலாம்.

ஆராதனை நாளில் ஸ்ருதிச் சண்டை இன்னும் பெரிது. பெண்களுக்கு ஐந்து கட்டை, பையன்களுக்கு ஒரு கட்டை. பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாட ஒரே ஸ்ருதி வேண்டும். கூட்டம் போட்டு விவாதித்து, இருவருக்கும் சமநீதியாக, யாருக்குமே வசதிப்படாத மூன்று கட்டையில் முடிவாகும். நாட்டையிலும் கௌளையிலும் பெண்கள் கீழே முணுமுணுக்க, பையன்கள் மேலே கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார்கள். ஆரபி முடிந்து வராளி வந்ததும் சத்தம் பாதியாகக் குறையும். வராளியைக் குரு நேரடியாகச் சீடனுக்குச் சொல்லிக்கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதைக் கேட்டுத்தான் படித்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் அதை அண்ணா பாடக் கேட்டுப் படித்தவர்கள். அண்ணாவோ அந்த நேரம் பார்த்து சுண்டல் வந்ததா என்று பார்க்கப் போயிருப்பார்.

அண்ணா பாடுவாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பாடுவார். மேடையில் அவரைக் கடைசியாகப் பார்த்தது முதுகலை இறுதியாண்டுத் தேர்வுக் கச்சேரியில் என்பார்கள். அதற்குப் பிறகு "நீ பாடப் போயிட்டா யாருப்பா பாத்துப்பா?" என்ற ஒரே கேள்வியால் துறை அவரை உட்காரவிடாமல் வைத்திருக்கிறது. வித்துவானாக வர வேண்டியவனை நல்ல மேலாளர் ஆக்குவது சாதாரண விஷயமல்ல. பாடத்திட்டத்தில் இல்லாத இந்த ஒரு படிப்பை மட்டும் எல்லா இசைத்துறைகளும் குறைவில்லாமல் நடத்துகின்றன என்பது என் கட்சி.

ஆனால் மைக் டெஸ்டிங் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அரங்கத்தில் கூட்டுகிற அம்மா, நாற்காலி போடுகிற இரண்டு பையன்கள், மைக்காரர், அவ்வளவுதான். அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி மைக்கின் முன் சம்மணம் போடுவார். "ஹலோ, ஹலோ, மைக் ஒன் டூ த்ரீ" என்பார். மைக்காரர் பின்னாலிருந்து, "பேசினா பத்தாது தம்பி, கொஞ்சம் பாடு, பேஸ் பார்க்கணும்" என்பார். அண்ணா அந்த "ஹலோ"வையே மந்தரத்துக்கு இழுத்துக் கல்யாணியைத் தொடங்குவார். நிஷாதத்தில் நின்று, ஷட்ஜத்தைத் தொடாமல் வளைந்து, காந்தாரத்தில் உட்காரும்போது பேஸ் சரியாகிவிடும். "இப்போ மேல போ, கிறீச்சுனு கேக்குதான்னு பாப்போம்." மேலே போவார். தார காந்தாரத்தில் ஒரு நீண்ட கார்வை. கிறீச்சென்று கேட்காது. "எக்கோ கொஞ்சம் வைக்கவா?" "வேணாண்ணே, அப்படியே இருக்கட்டும்." பிறகு மைக்காரருக்கு எந்தச் சோதனையும் பாக்கியிருக்காது. இருந்தும், "இன்னும் கொஞ்சம்" என்பார். கூட்டுகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆலாபனை, ஒரு வரியில் நிரவல், நாலு ஆவர்த்தம் ஸ்வரம். வெட்டச் சொல்லித் திரையோரத்தில் விரல் காட்ட ஆளில்லை, ஏனென்றால் விரல் காட்டுகிறவர்தான் பாடிக்கொண்டிருக்கிறார். யாராவது ஒரு மாணவி வந்து, "அண்ணா, பேனர்ல துணைவேந்தர் பேர்ல எழுத்துப்பிழைண்ணா" என்று சொன்னதும் கல்யாணி அந்த இடத்திலேயே நிற்கும். அண்ணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

இரவு நன்றியுரையில் மின்சார வாரியம், தோட்டத் தொழிலாளர்கள், சிற்றுண்டி வழங்கிய கேன்டீன் எல்லோருக்கும் நன்றி சொல்வார்கள். அண்ணாவின் பெயர் கடைசி வரியில் இருக்கும். அவரே எழுதியதல்லவா, அடக்கமாகக் கடைசியில் போட்டிருப்பார். நேரமாகிவிட்டது என்று அந்த வரிக்கு முன்னால் நாட்டுப்பண் தொடங்கிவிடும்.

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக இசைத்துறையிலிருந்து அழைப்பிதழ் வந்தால் மாலை 5 மணி என்று போட்டிருக்கும். 4 மணிக்கே போய்விடுங்கள். பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும், யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். கூட்டுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்காருங்கள். அந்தக் கச்சேரிக்கும் அனுமதி இலவசம்தான்.