சொந்தச் செலவில் லாரி வாழ்க்கை

அடிலெய்ட்,
தெற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன?

தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன காலத்தில் லாரியிலேயே சமைத்து, லாரியிலேயே படுத்து, கண்ட வாய்க்காலில் குளித்தீர்கள். "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று அத்தை கேட்காத நாள் இல்லை. மாமா, இந்த நாட்டில் அதற்குப் பெயர் விடுமுறை. நல்ல ஓட்டல் அறைக்குக் கொடுக்கிற காசை வாடகையாகக் கட்டி ஒரு கேம்பர் வேன் எடுத்து, அடிலெய்டிலிருந்து உளுரு பாறை வரை சுமார் 1,600 கிலோமீட்டர் பாலைவனத்தில் குடும்பத்தோடு போய் வந்தோம்.

வேனுக்குள்ளேயே கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பது ராத்திரியில் கட்டிலாகிவிடும். ஓரமாகக் கையடக்கக் கழிப்பறையும் இருக்கிறது. அதன் பெட்டியை உருவி எடுத்துப்போய், அதற்கென்று கட்டியிருக்கும் குழியில் கொட்டிக் கழுவ வேண்டும். மருமகன் ஆஸ்திரேலியாவில் மேனேஜர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டி யார் பொறுப்பில் இருந்தது என்பதை மட்டும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது. டார்வின் வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். 1862-இல் இந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்த ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயர். முழுச் சாலைக்கும் தார் போட்டு முடித்தது 1987-இல்தான். டோல்கேட் கிடையாது. ஹாரன் சத்தமும் கிடையாது. அடிப்பதற்கு எதிரே ஆள் வேண்டுமே! நம்மூரில் எதிரே வரும் லாரி லைட் அடித்தால் முன்னால் ஆர்.டி.ஓ. நிற்கிறார் என்று பொருள். இங்கே ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குகிறார்கள். வணக்கமாம். பதிலுக்கு நானும் தூக்கினேன். பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து பத்து விரலையும் தூக்கினார்கள்.

ரோடு டிரெயின் என்று ஒரு வண்டி ஓடுகிறது. ஒரே இன்ஜினுக்குப் பின்னால் மூன்று டிரெய்லர், நீளம் 53.5 மீட்டர் வரை போகலாம். அது எதிரே வந்து கடக்கும்போது காற்று நம் வேனை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போகிறது. அதை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் நீங்களே கிளீனரைத் தேடுவீர்கள். சில இடங்களில் சாலையின் குறுக்கே கோடு போட்டு, அவசரத்துக்கு விமானம் இறங்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1928-இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் நெடுஞ்சாலையிலேயே இறங்கி நோயாளியை ஏற்றிக்கொண்டு போகுமாம். விமானத்துக்கு சைடு கொடுக்கிற பாக்கியம் உங்களுக்கே வாய்க்கவில்லை பாருங்கள்.

கிளெண்டாம்போ என்ற ஊரின் பலகையில் மக்கள்தொகைக் கணக்கு இப்படி இருக்கிறது: ஆடு 22,500, ஈ 20 லட்சம், மனிதர் 30. ஈக்கள் மட்டும் எங்களைப் பார்க்க ஒட்டுமொத்தமாக வந்திருந்தன. அங்கிருந்து கூபர் பெடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை, டீக்கடையும் இல்லை. பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஓட்டாதவன் எல்லாம் ஒரு டிரைவரா என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

கூபர் பெடியில் 1915-இல் ஒரு சிறுவன் ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தான். அன்று தோண்ட ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் வீடு, விடுதி, தேவாலயம் எல்லாம் பூமிக்கு அடியில். உள்ளே வருடம் முழுக்க ஏறக்குறைய 24 டிகிரி. ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் லாரிக்கு அடியில் படுத்து வெந்த உங்களுக்குத்தான் இந்த ஊரின் அருமை தெரியும். இங்கே கோல்ஃப் மைதானமும் உண்டு, ஆனால் புல் இல்லை. ஆடுகிறவர் ஒரு துண்டுப் புல்விரிப்பைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்து அடித்துவிட்டு, விரிப்பைத் தூக்கிக்கொண்டு பந்தைத் தேடி நடக்கிறார்.

உங்கள் தொழிலின் முன்னோர்களையும் இங்கே கண்டுபிடித்தேன். லாரி வருவதற்கு முன் இந்தப் பாலைவனத்தில் லோடு அடித்தது ஒட்டகம். அவற்றை ஓட்டியவர்களை ஆப்கானியர் என்று பொதுவாக அழைத்தார்கள்; பலர் அன்றைய இந்தியாவின் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான் பக்கத்து ஆட்கள். கண்டத்தின் குறுக்கே 1872-இல் முடிந்த தந்திப் பாதைக்குச் சாமான் சுமந்தவர்களில் அவர்களும் உண்டு. ரயிலும் லாரியும் வந்ததும் வேலை போயிற்று. ஒட்டகங்களை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்று காட்டு ஒட்டகங்களாகத் திரிகின்றன. அந்த வழியே போகும் ரயிலுக்கு 'தி கான்' என்று அவர்கள் பெயர். பிழைப்பைப் பறித்த வண்டிக்கே பெயர் வைத்து மரியாதை செய்துவிட்டார்கள்!

உளுரு 348 மீட்டர் உயரம். அடிவாரத்தைச் சுற்றினால் 9.4 கிலோமீட்டர். அது அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம். 2019 முதல் யாரும் ஏற முடியாது. ஆகவே கிரிவலத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அன்று மாலை முகாமில் பக்கத்து வண்டிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தோம். ஓய்வு பெற்று, கேரவனில் நாடு சுற்றும் வெள்ளைக்காரத் தாத்தாக்கள். டீசல் விலை, டயர் காற்று, அடுத்த பங்க் எங்கே என்று பேச்சு. சின்ன வயதில் உங்களோடு வந்தபோது தாபாக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்ட அதே பேச்சுதான். "என் மாமா வாழ்நாள் பூராவும் இப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்" என்றேன். ஒரு தாத்தா கண்ணை விரித்து, "அவ்வளவு பெரிய பணக்காரரா?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

அத்தையிடம் இதை இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
மருமகன்

பி.கு.: நீங்கள் முதலில் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில்: லிட்டருக்கு எட்டு. எதிர்க்காற்று அடித்தால் ஏழு.