கைமரமும் காற்றுக் குழலும்

உலகத்தில் நிரந்தரமானவை எவை என்ற விசாரத்தில் இறங்கிய பெரியோர்கள் ஆத்மாவைக் குறித்தும் ஆகாசத்தைக் குறித்தும் ஏராளமாக எழுதிவைத்தார்களேயன்றி, "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்" என்ற பீடிகையோடு குடும்பங்களில் செய்யப்படுகிற ஏற்பாடுகளைக் குறித்து ஒரு வார்த்தைகூட எழுதாமற் போனது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருந்து வருகிறது. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக விளங்குகிற தேங்காய்நார்க் கயிறு, என் தகப்பனார் தாழ்ப்பாள் வாங்கத் தஞ்சாவூர் போகும்வரைக்கும் என்று கட்டியது. தகப்பனார் காலமாகிவிட்டார்; கயிறு சௌக்கியமாக இருக்கிறது. இந்தப் பரம்பரையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் எங்கள் வேனின் பின்கதவைத் தாங்கிய கட்டை.

வேன் என்று நான் சொல்வது மாருதி ஆம்னியை. 1984ஆம் ஆண்டில், மாருதி கார் வெளிவந்த மறுவருஷமே, மாருதி வேன் என்ற பெயரோடு அவதரித்து, பிற்பாடு ஆம்னி என்று நாமகரணம் செய்யப்பெற்று, 2019ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்படும்வரையில் முப்பத்தைந்து வருஷ காலம் இந்த தேசத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும், சினிமாக் கதாநாயகிகளைப் பாழடைந்த கிடங்குகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த வாகனம் அது. 796 சி.சி. எஞ்சின் ஓட்டுகிறவருடைய ஆசனத்துக்கு அடியிலேயே இருப்பதால், சித்திரை மாதத்துப் பிரயாணத்தில் மேலே சூரியனும் கீழே எஞ்சினுமாக இரு தரப்பிலிருந்தும் கவனிக்கப்படுகிற பாக்கியம் அதை ஓட்டுகிறவனுக்கு வாய்க்கிறது. வில்லன்கள் எல்லாரும் கதாநாயகியை ஏற்றுவதற்குப் பக்கத்துக் கதவையே உபயோகித்தார்கள்; பின்கதவை எந்தப் படத்திலும் நம்பியதாக எனக்கு ஞாபகமில்லை. தொழிலில் தேர்ந்தவர்களுடைய தீர்க்கதரிசனம் அது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

எங்கள் ஊராகிய ஒரத்தநாட்டிலோ வேனுக்குப் பின்கதவுதான் பிரதானம். முன்பக்கத்தில் மனிதர்கள் உட்காருவது ஒரு சம்பிரதாயம். விதைநெல், வாழைத்தார், தேங்காய், கன்றுக்குட்டிக்கான தவிடு, கல்யாண வீட்டுச் சீர்த்தட்டு, பொங்கலுக்குக் கரும்புக்கட்டு என்று சம்சாரத்தின் சாரமெல்லாம் பின்பக்கமாகத்தான் ஏறி இறங்குகிறது. ஐப்பசி மழையில் தூக்கி நிறுத்திய அந்தக் கதவின் கீழே நின்று டீ குடித்தவர்களுக்குத் தெரியும், அது கதவு மாத்திரமன்று, ஒரு தாழ்வாரமும்கூட என்பது.

இத்தகைய கதவை இரு பக்கத்திலும் இரண்டு கறுப்புக் குழல்கள் தாங்குகின்றன. மெக்கானிக்குகள் அவற்றை டிக்கி ஷாக் என்பார்கள். எங்கள் வண்டியில் அவை தளர்ந்தது ஒரே நாளில் நேர்ந்த விபத்தன்று. முதலில் கதவு முழு உயரத்துக்குப் போக மறுத்தது. பிறகு, போன உயரத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு, பஞ்சாயத்தில் பாதகமான தீர்ப்புச் சொல்லப் போகிற பெரியவர் தலையைக் குனிவதுபோல மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கிற்று. கடைசியில் அந்தத் தாட்சண்யத்தையும் கைவிட்டு, கையை எடுத்த மாத்திரத்தில் விழ ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் கஜா வந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கரை கடந்த அந்தப் புயல் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட தென்னந்தோப்புகளை எவ்வாறு பாய்விரித்ததுபோலக் கிடத்திவிட்டுப் போயிற்று என்பதை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகையும் அன்றைக்கு விழுந்தது. மின்சாரமில்லாத அந்த நாட்களில் குடிதண்ணீர்க் கேன்களை வேனில் ஏற்றிக்கொண்டு அலைந்தபோது, கதவைத் தாங்குவதற்கு வேறொன்றும் அகப்படாமல், விழுந்த கொட்டகையின் கைமரம் ஒன்றை என் தாயார் எடுத்துக் கொடுத்தார். அளவு வெட்டிய பிற்பாடு அது இடுப்புயரத்துக்குச் சற்று மேலாக, வெகு பாந்தமாக அமைந்துவிட்டது. "இப்போதைக்கு இது போதும் தம்பி" என்றார் தாயார். புயல் நிவாரணம் வந்து, கொட்டகை மறுபடி எழும்பி, தென்னங்கன்றுகள் நட்டு அவை பாளை விட்டும்கூட, கைமரம் தன் உத்தியோகத்தில் நீடித்தது.

உத்தியோகம் என்று வந்துவிட்டால் அதற்கு ஓர் அதிகாரி வேண்டுமல்லவா? என் மைத்துனர் அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். வண்டி நின்றதும் முதலில் இறங்குபவர் அவர். கதவை ஒரு கையால் உயர்த்தி, மறு கையால் கட்டையை ஊன்றி, "ம், எடுங்க" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் யாரும் சாமானைத் தொடலாம். மூட்டை தூக்கும் வேலையிலிருந்து இதன்மூலமாக அவருக்குக் கிடைத்த விலக்கு அவருடைய நிர்வாகத் திறமைக்குச் சன்மானமாக வைத்துக்கொள்ளத் தக்கது. புதுக் குழல் போடலாமே என்று நான் பிரஸ்தாபிக்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு நியாயம் தயாராக இருந்தது. "அத்தான், எத்தன லட்சம் போட்டு வாங்குன காரா இருந்தாலும் பானட்டத் தெறந்து பாருங்க. ஒரு கம்பிதானே முட்டுக் குடுத்து நிக்குது? கம்பெனிக்காரனே கம்பு வைக்கிறான். நாம வச்சாக் கேவலமா?" இது பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரையில் உண்மையும்கூட, ஆகையால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கட்டையின் கீர்த்திக்குப் பங்கம் வந்தது ஓர் ஆடிப்பெருக்கன்று. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்போம்; மேட்டூர் அணையோடு 1934ஆம் ஆண்டில் வந்தது. இந்தப் பிரதேசத்தில் ஆற்றுக்குப் பிராயம் ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்தால் புதிது என்றுதான் கணக்கு. அதன் கரையில் வேனைப் பின்புறமாக நிறுத்தி, கதவை உயர்த்தி, சித்திரான்னப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, அந்த விளிம்பிலேயே என் மாமியாரும் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். அம்மியை நகர்த்தும் என்று பெயர்பெற்ற ஆடிக்காற்றுக்கு ஒரு கைமரம் எம்மாத்திரம்? கட்டை சாய்ந்து புளியோதரைக்குள் விழுந்தது, கதவு இறங்கியது, மாமியார் தயிர்சாதத்தை எடுக்க அந்தக் கணத்தில் குனிந்திருந்தபடியால், கதவு அவருடைய தலைக்குப் பதிலாகத் தூக்குவாளியின் தலையில் இறங்கிற்று. வாளியின் மூடி இன்றுவரை சரியாகப் பொருந்துவதில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுடைய வாகனத்தைக் குறை கூறுவது மரியாதையன்று என்று கருதுபவர். ஆனால் அன்று மாலையில் பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

மெக்கானிக்கிடம் முன்பே போகவில்லையா என்று வாசகர் கேட்கலாம். போயிருந்தேன், சித்திரை மாதத்தில், நடுப்பகலில், முக்தாம்பாள் சத்திரத்தைக் கடந்து அவருடைய பட்டறைக்குப் போனேன். இரண்டாம் சரபோஜி மன்னர் தமக்குப் பிரியமான முக்தாம்பாளின் ஞாபகார்த்தமாகக் கட்டிவைத்த அந்தச் சத்திரத்தில், கட்டடத்தையே ஒரு தேராகப் பாவித்துக் கல் யானைகளும் கல் குதிரைகளும் இழுத்து நிற்கின்றன. இருநூறு வருஷமாக ஓர் அடிகூட நகராத காரணத்தால் எந்த மெக்கானிக்கையும் நாட வேண்டாத ஒரே வாகனம் எங்கள் ஊரில் அதுதான். பட்டறையில் மெக்கானிக் கதவைத் தூக்கிவிட்டார். அது நின்றது. கையை எடுத்தார், நின்றது. பக்கத்தில் தட்டிப் பார்த்தார், அப்போதும் நின்றது. "நல்லாத்தானே சார் நிக்குது?" என்று அவர் கேட்டபோது, மாதக்கணக்கில் என் கபாலத்தைக் குறிவைத்துவந்த அந்தக் கதவு சாக்ஷாத் அரிச்சந்திரனாக எதிரில் நின்றுகொண்டிருந்தது. மார்கழி விடியற்காலையில் தஞ்சாவூர்க் கீழவாசலுக்குக் காய்கறி ஏற்றிப் போனபோதெல்லாம் தடாரென்று விழுந்தது அதே கதவுதான்.

இந்த மாயத்தின் காரணம் அந்தக் குழலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் வில் கிடையாது. நைட்ரஜன் வாயுவைக் கடுமையான அழுத்தத்தில் அடைத்து, கொஞ்சம் எண்ணெயும் விட்டு, ஒரு பிஸ்டனையும் தண்டையும் செருகி, வாய்க்கு ரப்பர் அடைப்புப் போட்டு நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். பிஸ்டனில் சிறு துவாரம் இருப்பதால் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றே. ஆயினும் தண்டு நிற்கும் பக்கத்தில் அதன் பருமன் அளவுக்கு வாயு தள்ளுவதற்கு இடம் குறைகிறபடியால், மறுபக்கம் எப்போதும் ஜெயித்து, தண்டை வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள தண்டுக்கு முகப்பு அரைச் சதுர சென்டிமீட்டர்தான். ஆனால் உள்ளேயுள்ள வாயு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ வீதம் அழுத்துமானால், அந்தச் சுண்டுவிரல் தண்டு 50 கிலோவைத் தூக்கி நிறுத்தும். அதாவது நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோச் சிப்பம் ஒன்றை ஏந்திக்கொண்டு, எடைபோடுபவரின் மனோதர்மத்துக்கும் பத்துக் கிலோ இடம் வைத்திருக்கும். வருஷங்கள் செல்லச் செல்ல ரப்பர் தேய்ந்து, வாயு ரகசியமாகக் கசிந்து வெளியேறுகிறது. எஞ்சியிருக்கிற வாயுவோ வெயிலில் விறைத்தும் பனியில் தளர்ந்தும் நிற்கும். அடைபட்ட வாயுவின் அழுத்தம் உஷ்ணத்தோடு ஏறி இறங்கும் இந்த நியதியைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாரீஸில் ஆராய்ந்தவர் அமோந்தோன் என்ற விஞ்ஞானி; இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர், ஆகையால் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகூட நிம்மதியாக ஆராய்ச்சி செய்திருக்கக் கூடியவர். 20 டிகிரி மார்கழிக்கும் 40 டிகிரி சித்திரைக்கும் இடையில் அழுத்தம் நூற்றுக்கு ஏழு பங்கு மாறுகிறது. ஆரோக்கியமான குழலுக்கு அது ஒரு பொருட்டன்று; உயிர் ஊசலாடும் குழலுக்கு அந்த ஏழு பங்குதான் கதவு நிற்பதற்கும் மண்டை வீங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதையெல்லாம் நான் அறிந்துகொள்வதற்கு முன்பாகவே ஊரார் சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டுக்காரர், பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொண்டால் தீர்ந்துபோகும் என்றார். பஞ்சர் கடைக்காரர் குழலை இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வால்வே இல்லியே சார், எங்கேர்ந்து அடிக்கிறது?" என்று கேட்டார், ஊரில் எனக்குக் கிடைத்த விடைகளில் விஞ்ஞானபூர்வமானது அது ஒன்றே. இன்னொருவர் ஓட்டை போட்டுக் கிரீஸ் விடச் சொன்னார். அறுக்காதே, துளைக்காதே, நெருப்பில் போடாதே என்று குழலின் மீதே அச்சடித்திருப்பதை அவருக்குக் காட்டினேன். "அப்படித்தான் எல்லாத்துலயும் போட்டுருப்பான்" என்றார்.

தூக்குவாளி சம்பவத்துக்குப் பிறகு என் மனைவியே தஞ்சாவூருக்குப் புறப்பட்டு, உதிரிப்பாகக் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். ஒன்று மாத்திரம் போதாதா என்று அவள் கேட்டதற்கு, கிழத்தையும் குமரனையும் ஒரே நுகத்தில் பூட்டினால் கதவு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் விளக்கினாராம். குழலைப் பூட்டிய வைபவத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. மைத்துனர் கடைசித் தடவையாகக் கட்டையை ஊன்றினார். மெக்கானிக் ஸ்பானரால் ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே முடித்தார். பழையது எந்த முனை மேலாக இருந்ததோ அதே முனை மேலாக வரும்படி மாத்திரம் கவனமாகப் பார்த்தார். தண்டு கீழ்நோக்கி நின்றால்தான் உள்ளேயுள்ள எண்ணெய் ரப்பரை நனைத்துக் காப்பாற்றும் என்பது கணக்கு. உள்ளே என் மனைவி போட்ட காபி கூடத்துக்கு வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வருஷக்கணக்கில் ஒரு குடும்பம் முழுவதும் தோள்கொடுத்த பிரச்னை இவ்வளவு சொற்ப நேரத்தில் தீர்ந்தது ஒருவருக்கும் திருப்தியளிக்கவில்லை. மைத்துனரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்று சாயங்காலம் தவிட்டு மூட்டையை அவரே இறக்க நேர்ந்தது.

புதுக் குழல்களுக்கு யௌவன வேகம். தாழை விடுவித்ததும் கதவு தானாகவே எழும்பி, இதுவரை நாங்கள் கண்டறியாத ஓர் உன்னத ஸ்தானத்தில் போய் நின்றது. என் தாயார் ஆகிருதியில் சிறியவர். அண்ணாந்து பார்த்தார், எம்பிப் பார்த்தார், விளிம்பு கைக்கு எட்டவில்லை. கொல்லைப்பக்கம் போனவர் ஒரு துண்டு தேங்காய்நார்க் கயிற்றோடு திரும்பி, என்னைக் கொண்டே அதைக் கதவின் உட்புறக் கொக்கியில் கட்டித் தொங்கவிடச் செய்தார். அதை எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் மறுவாரம் தம் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது என்ற எச்சரிக்கையோடு பழைய குழல்களை ஒப்படைத்தேன். "தெரியும் சார்" என்று சொல்லித் தராசில் போட்டவருடைய பார்வை திண்ணை ஓரத்தில் சாத்தியிருந்த கைமரத்தின்மேல் விழுந்தது. "அந்தக் கட்டையக் குடுத்தீங்கன்னா நம்ம வண்டிக் குடைக்கு முட்டுக் குடுக்க ஆகும். இன்னும் கால் கிலோ பழம் சேத்துத் தர்றேன்" என்றார். பேரீச்சம்பழ விஷயத்தில் பேரத்தை எளிதில் கைவிடாத என் தாயார் திண்ணையிலிருந்து எழுந்தார்.

"அது வண்டி சாமானுப்பா, குடுக்கிறதுக்கில்ல" என்று சொல்லி, கட்டையை எடுத்துக்கொண்டுபோய் டிக்கிக்குள் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினார்.