மூன்று மைலுக்கு அப்பால் போய்க் கட்டு

1580 ஜூலையில் முதலாம் எலிசபெத் மகாராணியார் ஓர் ஆணை போட்டார். லண்டன் நகர வாசல்களிலிருந்து மூன்று மைலுக்குள் எவனும் புது வீடு கட்டக்கூடாது. ஒரு வீட்டில் ஒரு குடும்பத்துக்கு மேல் குடியிருக்கக்கூடாது. கூட்டம் பெருத்தால் கொள்ளைநோய் வரும், சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் வரும் என்று காரணமும் சொன்னார். நியாயம்தான். ஆனால் பிழைப்புத் தேடி மூட்டை முடிச்சோடு வந்து நிற்பவனை அரசாணையா தடுக்கும்? வீட்டுக்காரர்கள் பலகைத் தடுப்பு அடித்து, இருக்கிற வீட்டையே கூறுபோட்டு வாடகைக்கு விட்டார்கள். அதுவும் குற்றம்தான், தெருவில் போகிறவன் கண்ணில் படாத குற்றம்.

பின்னால் வந்த ஸ்டூவர்ட் மன்னர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள். தடையால் நகரம் நிற்காவிட்டாலும் அபராதத்தாலும் உரிமக் கட்டணத்தாலும் கஜானா நிறையும் என்று கண்டுகொண்டார்கள். 1631இல் பெட்ஃபோர்டு பிரபு உரிமத்துக்கு 2,000 பவுண்டு எண்ணி வைத்தார். கோவென்ட் கார்டன் பேட்டை எழும்பியது.

அப்புறம் அந்த மன்னர்களில் ஒருவரின் தலையையே வெட்டினார்கள். அவருடைய அபராத நோட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். மன்னருக்குப் பதிலாக ஆண்ட கிராம்வெல் காலத்து 1657ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1620க்குப் பிறகு லண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள், நாலு ஏக்கர் நிலம் இல்லாமல் கட்டிய வீட்டுக்கு ஒரு வருட வாடகை அபராதம். நம்மூர் ஆபீஸ் பாஷையில் வரன்முறைப்படுத்தல். நாலு ஏக்கரைக் கவனியுங்கள்: ஊர் பரவக்கூடாது என்று வந்த சட்டம், வீட்டுக்கு வீடு ஒரு பண்ணை கேட்டது!

இருபதாம் நூற்றாண்டில் மகாராணியாரின் மூன்று மைல் பச்சை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தது. 1938இல், லண்டனைச் சுற்றிக் கட்டடம் எழும்பாத நிலப்பட்டை வைக்கப் பசுமை வளையச் சட்டம். 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் மற்ற நகரங்களும் வளையம் போட்டுக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டார். சரி, மிச்ச ஜனம் எங்கே போவது? வளையத்துக்கு அந்தப்பக்கம். இதற்காக 1946லேயே அமைச்சர் லூயிஸ் சில்கின் ஸ்டீவனேஜுக்குப் போய், உங்கள் ஊரைப் புதுநகரமாக்கப் போகிறோம் என்றார். ஊர்க்காரர்கள் அவர் கார் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ரயில் நிலையப் பலகையில் ஸ்டாலின் ஊரைக் கிண்டலடித்து 'சில்கின்கிராட்' என்று மாட்டினார்கள்.

புதுநகரம் எப்படியும் வந்தது. பசுமை வளையம் இன்று லண்டனைப்போல் மூன்று மடங்கு பெரிது. அதைத் தாண்டி வீடு வாங்கியவர்கள் தினமும் ரயிலில் அதன் குறுக்காகத்தான் வேலைக்கு வருகிறார்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால், சட்டம் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கும் கோல்ஃப் மைதானங்களைக் கண்குளிரப் பார்க்கலாம்.